கிறவல் கிடங்கின் கரையில்

2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நண்பர் ஒருவருடன் வன்னிக்குப் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே ஆனையிறவைக் கடந்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு மாங்குளத்தைச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அதற்கப்பால், பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டோரமாக உள்ள ஒரு சிற்றூரிலே நண்பரின் மாமனார் வாழ்கின்றார். எழுபது வயதைக் கடந்த கமக்காரர்.

மாலையில் அவர் எம்மைக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றார். கோடையில் வற்றிய குளத்தின் நடுவே சிறிது நீர் மின்னிற்று. குளத்துக்கு நீர் வந்து சேரும் மேட்டுப் பக்கத்திலே, காட்டை வகிர்ந்தாற்போல ஒரு பெரும் பள்ளம் சிவந்து கிடந்தது. அதுவே கிறவல் கிடங்கு.

செம்மண்ணும் சிறு கற்களும் கலந்து இறுகிய நிலத்தையே எம்மவர் கிறவல் என்பர். வீதி அமைக்கவும், வீட்டுக்கு அத்திவாரம் நிரப்பவும், குளக்கட்டை உயர்த்தவும் அது வேண்டும். நூறு கன அடியை ஒரு கியூப் என்று கணக்கிட்டு டிப்பர்களில் ஏற்றிச் செல்வர். ஆனால், மழைநீரை மெல்ல உறிஞ்சி அயற்கிணறுகளுக்கு ஊட்டுவதும் அம்மேட்டு நிலமே. அதனைத் திறந்துவிட்டால் மாரி வெள்ளம் மண்ணை அரித்துக் குளத்திலே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"போன மாரியிலை இந்தக் கிடங்குக்குள்ளைதான் எங்கடை நாம்பன் விழுந்து செத்தது, வாத்தியார். பிள்ளையள் ஒண்டும் விழேல்லை எண்டு பிள்ளையாருக்குப் பொங்கினனாங்கள்" என்றார் பெரியவர்.

அக்கிடங்கைக் குளத்தின் பக்கமாக மேலும் விரிப்பதற்கு உரிமையாளர் விண்ணப்பித்திருந்தார். மறுநாள் பிரதேச சபையில் அதுபற்றிய விவாதம் நடைபெறும் எனக் கேள்வியுற்று, நாமும் பார்வையாளராகச் சென்று அமர்ந்தோம்.

முதலில் எழுந்த உறுப்பினர் விரிவாக்கத்தை ஆதரித்தார். ஊரின் உள்வீதிகள் மழைக்குச் சேறாகின்றன. அவற்றுக்குக் கிறவல் எங்கிருந்து வரும்? டிப்பர் ஓடிப் பிழைக்கும் இளைஞரின் கதி என்ன? அவர் கேட்டவை புறக்கணிக்கத்தக்க கேள்விகள் அல்ல. மற்றொருவரோ, அதே டிப்பர்கள்தாமே சபையின் வீதிகளைக் குழியாக்குகின்றன என்று மறுத்தார். இருபுறமும் குரல்கள் உயர்ந்தன.

அப்போது பின்வரிசையிலிருந்த பெண் உறுப்பினர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "முதற் கிடங்கை மூடாதவர் இரண்டாவதை மூடுவார் என்பதற்கு யார் பிணை?"

சபையில் சிறிது நேரம் மௌனம் நிலவிற்று.

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருட்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் அகழ்தல் ஆகாது. அப்பத்திரத்தை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். அகழ்ந்த நிலத்தைச் சீர்ப்படுத்துவதும் அகழ்ந்தவரின் கடமை. எனினும் பத்திரம் எழுதப்படும் மேசையிலிருந்து பார்த்தால் கிடங்கு தெரிவதில்லை. அதனை நாள்தோறும் காண்பவர் ஊரவரும் அவர்கள் தெரிவுசெய்த சபையினருமே. ஆகவே சபையின் சொல் சிறிதாயினும் அது தவறாது சொல்லப்படல் வேண்டும்.

ஈற்றில், பழைய கிடங்கு நிரப்பப்பட்டு வேலி இடப்படும்வரை விரிவாக்கத்துக்குச் சபை இணங்குவதில்லை என்றும், அதிகாரிகளை அழைத்து இடத்தை நேரிற் காட்டுவது என்றும் தீர்மானமாயிற்று. முதலில் ஆதரித்துப் பேசியவரும் கையுயர்த்தினார்.

தீர்மானத்தைக் கேட்டால் பெரியவர் மகிழ்வார் என எண்ணி விரைந்து சென்றோம். அவர் வீட்டில் இல்லை. கிடங்கின் கரையிலே, பேரப்பிள்ளைகள் இருவருடன் முள் அலம்பலை இழுத்து அடைத்துக்கொண்டிருந்தார்.

"சபை தீர்மானித்துவிட்டதே, ஐயா!" என்றோம்.

"நல்லது, வாத்தியார். ஆனால் ஐப்பசியிலை மழை வந்திடும். கடுதாசி போய்ச் சேருமட்டும் பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்று கூறி, அடுத்த அலம்பலுக்குக் கை நீட்டினார்.

நாமும் சால்வையை அரையில் இறுகக் கட்டிக்கொண்டு அவரோடு சேர்ந்து அடைக்கலானோம். அன்று மாலை திரும்பி வந்த பாதையும் கிறவற் பாதைதான். அது எந்த ஊரின் மேட்டிலிருந்து வந்ததோ, அங்கே கிடங்கை எவரேனும் மூடினரோ என்ற எண்ணம் மாங்குளம் வரை எம்மை விட்டு அகலவில்லை.