பின்கட்டு அறைக்கு எட்டாத வைஃபை

சென்ற மாதம் என் தாயார் பின்கட்டு அறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நானோ பள்ளியில். அவரைக் கவனிக்கவென்றே பொருத்திய கேமரா, கைப்பேசியில் வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்காள் சத்தம் கேட்டு ஓடிவந்ததால் பிழைத்தோம்.

குற்றம் கேமராவினுடையதன்று. வைஃபை பெட்டி முன்கூடத்தில். நடுவே இரண்டு செங்கற் சுவர்கள். விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, கைப்பேசி என்று 14 சாமான்கள் வேறு அதை நம்பியிருந்தன.

பட்டணத்துக் கடைக்காரர் 'மெஷ்' வாங்கச் சொன்னார். ஒரே பெயரில் தமக்குள் பேசிக்கொள்ளும் பெட்டிகள். மூன்று வேண்டுமாம். நம் வீடு என்ன மாளிகையா? இரண்டு வாங்கினேன். ஒன்றை மோடத்தோடு இணைத்து, மற்றதைத் தாயாரின் அறையிலேயே வைத்தேன். அதுதான் பிழை. அலை எட்டாத இடத்தில் அந்தப் பெட்டி எதை வாங்கி எதைக் கொடுக்கும்? பாதி வழியில், அடுப்படி வாசலில் உயரமாக வைத்த பிறகே சரிவந்தது. முடிந்தால் இரண்டுக்கும் நடுவே கம்பி இழுத்துவிடுங்கள், இன்னும் உறுதி.

கேமரா, விளக்கு போன்றவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் சேரும். 5 வேகமானது; ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். ஆகவே 2.4-ஐத் தனியே பிரித்துத் தரும் வசதி உண்டா என்று கடையிலேயே கேளுங்கள். பழைய வைஃபையை அணைத்துவிட்டு, அதன் பெயரையும் கடவுச்சொல்லையுமே புதியதற்கும் வைத்தேன். ஒவ்வொரு விளக்காக மறுபடி இணைக்கும் தொல்லை பெரும்பாலும் மிச்சம்.

இப்போது பள்ளி இடைவேளையில் கைப்பேசியைத் திறந்தால் தாயார் வெற்றிலை இடிப்பது தெரிகிறது. "என்னை ஏன்டா எட்டி எட்டிப் பார்க்கிறாய்?" என்று அவருக்குத்தான் கோபம்.