பர்ஸ் கிழியாத பாஸ்தா!

மெஸ் சாம்பார்ல நீச்சலடிச்சு நொந்துபோன தோஸ்துகளே! வீக் எண்டுல ரூம்லயே இத்தாலி சமையல் பண்ண ஆசையா? கஃபேல ஒரு பிளேட் பாஸ்தாவுக்கு பில் கட்டினா, மிச்ச மாசம் பன்னும் டீயும்தான். வாங்க, சென்னையில சீப்பா ஒரு ரவுண்ட் அடிப்போம்.

விதை ஒண்ணு போட்டா...

மொத ஸ்டாப், பார்க் டவுன் ராசப்ப செட்டி தெரு. ஏதாவது ஒரு நாட்டு மருந்துக்கடையில சப்ஜா விதை கேளுங்க. ஃபலூடாவுல கண்ணு கண்ணா மிதக்குமே, அதேதான். பாஸ்தாவுல போடுற பேசிலோட விதை அது! நம்ம ஊர்ப் பேரு திருநீற்றுப்பச்சிலை. இத்தாலியில வளர்க்கிறதும் இதே இனம்தான், வாசனை மட்டும் கொஞ்சம் மாறும். ஓட்டை பக்கெட்டுல மண்ணைப் போட்டுத் தூவுங்க. ஒரு வாரத்துல முளை எட்டிப் பார்க்கும்.

பூக்கடையில ஒரு இத்தாலி

அடுத்து, மெட்ரோ ஏறி கோயம்பேடு. கொத்தவால்சாவடியில இருந்து 1996-ல் இங்கே வந்த மார்க்கெட். பூக்கடைகள்ல 'மரு' கேட்டு மோந்து பாருங்க. அதுதான் மார்ஜோரம், ஆர்கனோவோட கூடப்பிறந்த தம்பி! ஆனா, மாலைக்குன்னு வளர்த்தது, மருந்து அடிச்சிருக்கலாம். அதனால வாசனையோட நிறுத்திக்கிட்டு, சமையலுக்கு நர்சரியில செடியா வாங்கிடுங்க.

அதுவும் கிடைக்கலையா? பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட கற்பூரவள்ளித் தண்டு ஒண்ணு கேளுங்க. ஆர்கனோவுக்கு அந்தக் கார வாசனையைக் கொடுக்கிற கார்வக்ரால் இதுலயும் இருக்கு. ரெண்டு இலையை நறுக்கிப் போட்டாலே போதும், அதுக்கு மேல போனா கஷாயம்!

சீஸ் சீக்ரெட்

நுங்கம்பாக்கம் பக்கம் இம்போர்ட்டட் ஐட்டம் விக்கிற கடைகள்ல பார்மிஜானோ ரெஜ்ஜானோ விலையைப் பார்த்தா தலை சுத்தும். காரணம் இருக்கு பாஸ். ஒரு சக்கரத்துக்கு சுமார் 550 லிட்டர் பால், குறைஞ்சது 12 மாசம் பதப்படுத்தல். இன்னொரு விஷயம், அதுல சேர்க்கிற ரென்னட் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிறது. உங்க ரூம்மேட் சைவமா இருந்தா, சொல்லாம பரிமாறிடாதீங்க. நட்பு முக்கியம்!

பதிலுக்கு நம்ம ஊர் மொசரெல்லா, கோடை சீஸ், ஆரோவில் சீஸ்னு தேடுங்க. பாக்கெட்டுல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க. பின்பக்கம் 'அனலாக்', 'பாமாயில்'னு போட்டிருந்தா, அது சீஸ் வேஷம் போட்ட எண்ணெய். வெச்சுட்டு வந்துடுங்க.

ரிக்கோட்டாவுக்குக் கடையே வேண்டாம். அசல் ரிக்கோட்டா, சீஸ் எடுத்த பிறகு மிஞ்சுற தண்ணியை மறுபடி காய்ச்சி எடுக்கிறது. நமக்கு ஒரு லிட்டர் பாலும் ஒரு எலுமிச்சம்பழமும் போதும். பால் திரிஞ்சதும் வெள்ளைத் துணியில கால் மணி நேரம் வடிய விடுங்க. மேல பாரம் வெச்சா பனீர், வைக்கலைன்னா கிட்டத்தட்ட ரிக்கோட்டா!

அப்புறமென்ன, இண்டக்‌ஷன் ஸ்டவ்வைத் தட்டி விடுங்க. வார்டன் வாசனை பிடிச்சு வந்தா, அவருக்கும் ஒரு பிளேட்... ஜூட்!