ரெண்டும் இருக்கட்டும்

முத்தாபுதுப்பேட்டையில் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனை ஒட்டிய பகுதியில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டர். எதிர் பெஞ்சில் நாற்பதை நெருங்கும் ஒரு பெண், கணவன், மாமியார். தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்துகொண்டிருந்தாள். சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் ஏழு வாரக் கரு திரையில் தெளிவாகத் தெரியுமாம். மூடியைத் திருகும்போது கை நடுங்கி, துப்பட்டாவில் தண்ணீர் சிந்தியது. ரெண்டு நாளாக லேசாக ரத்தம் படுகிறது என்று நர்ஸிடம் அவள் தணிந்துதான் சொன்னாள். பெஞ்சு முழுக்கக் கேட்டது.

"ஸ்கூட்டில போவாதன்னு தலபாடா அடிச்சிக்கினேன்" என்றார் மாமியார். பயத்தில் வந்த பேச்சு. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியவில்லை. தொடக்க மாதங்களில் கலையும் கருவில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறால் கலைபவை. ஸ்கூட்டி மேல் பழி போடுவது, ஓட்டியவள் மேல் போடுவதுதான்.

கணவன் மடியில் பிளாஸ்டிக் ஃபைல். போலிக் ஆசிட் சீட்டுக்குப் பின்னால் ஒரு பிரிண்ட் அவுட். தத்தெடுப்புக்கான மத்திய அமைப்பான காராவில் பதிந்தது.

"அதான் நம்ம வூட்லயே தங்கிடுச்சே. அந்தப் பேர எடுத்துடேம்பா."

"எடுத்தா போச்சும்மா. பதியும்போது எங்க ரெண்டு பேர் வயசும் சேத்து 83. இப்ப 87. 85 தாண்டிட்டா ரெண்டு வயசுக்குள்ள குழந்தை கிடையாது. பதிஞ்ச அன்னிக்கு வயசுதான் கணக்கு."

மாமியார் மருமகளைப் பார்த்தார்.

"இது தங்கினாலும் அந்தக் குழந்தை வேணும் அத்தை. தங்கலன்னாலும் வேணும்."

சுவரில், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற பலகை. 1994-ல் வந்த சட்டம். அதற்கு ரெண்டு வருஷம் முன்னால்தான், பெண் சிசுக்கொலையைத் தடுக்க, சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. காரா படிவத்திலும் ஆணா, பெண்ணா என்று ஒரு கேள்வி உண்டு. எதுவானாலும் சரி என்றே குறித்திருந்தார்களாம். மாமியார் கேட்டதற்கு மகன் சொன்னார்.

உள்ளே போய் வந்தார்கள். துடிப்பு இருக்கிறது, பக்கத்தில் ரத்தக்கட்டும் இருக்கிறது. ரெண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அவர்களுக்கே தெரியவில்லை. மாமியார் மட்டும் ஃபைலை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

பேரை எடுக்கச் சொல்லும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு குழந்தை பெற்ற தம்பதியும் தத்தெடுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. பேரை எடுத்துவிட்டுத் திரும்பப் பதிந்தால் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.