ஏட்டில் சொல் இருந்தது, மெட்டு யாரிடம் இருந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. குறிகட்டுவானில் லோஞ்சுக்கு நிற்கிற நேரத்தில் வாசியுங்கோ.

எங்கட வீட்டில் ஒரு பழைய சீ.ஆர். கொப்பி இருக்கிறது. உம்மம்மா பாடின தாலாட்டுகள் பதினொன்றை உம்மா அதில் எழுதி வைத்தவ. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சோனகத் தெருவை விட்டுப் போன குடும்பம் எங்களது. புத்தளம் முகாமில் இருந்து எழுதின கொப்பி அது. உம்மம்மா அங்கேயே மௌத்தானா. இப்போது உம்மாவும் இல்லை. சொல் எல்லாம் அப்படியே இருக்கிறது, மெட்டுத்தான் இல்லை. நாங்கள் சகோதரிகள் மூன்று பேரும் இருந்து பாடிப் பார்த்தோம். ஆளுக்கொரு மெட்டு வந்தது. மூன்றும் சினிமாப் பாட்டு!

உம்மா இருக்கும்போதே கேட்டுப் பதிந்திருக்கலாம். கையில் ஃபோன் இருந்தது. பிறகு கேட்போம், பிறகு கேட்போம் என்று இருந்துவிட்டோம்.

போன கிழமை தரம் 9 பிள்ளைகளுக்கு வாய்மொழிப் பாடல் படிப்பிக்கும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினோம். கூடவே தேவாரம் கிடைத்த கதையையும் கேட்டோம். தில்லையில் பூட்டின அறை, செல்லரித்த ஏடுகள், சோழ அரசன், நம்பியாண்டார் நம்பி. நயினாதீவுப் பிள்ளைகளல்லவா, இவ்வளவும் மளமளவென்று வந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் வகுப்பில் சத்தமே இல்லை.

பிறகு நடந்ததுதான் எங்களுக்குப் பெரிய விசயம். ஏட்டில் பாட்டு இருந்தது, அதை எந்தப் பண்ணில் எப்படிப் பாடுவது என்று சொல்ல ஆளில்லை. திருமுறைகண்ட புராணம் சொல்கிறபடி, அவர்கள் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். இன்றைக்குக் கடலூர் மாவட்டத்தில் இராசேந்திரப்பட்டினம் என்கிற ஊர். சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் அது. அவருடைய மனைவி மதங்கசூளாமணியும் கூடவே பாடினவர். அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, தில்லைக்குக் கூட்டிவந்து, அவரைக் கொண்டு பண்களை வகுத்தார்கள். யாழ்ப்பாணர் முதலில் மதுரைக் கோயில் வாசலில் நின்றுதான் யாழ் வாசித்தார் என்று பெரியபுராணத்தில் வருகிறது. அப்படி வெளியே நின்ற குலத்துப் பெண்ணிடம்தான் கடைசியில் போக வேண்டி வந்தது. அரசனையும் நம்பியையும் பெயர் சொல்லி ஒப்புவிக்கிறோம். அந்தப் பெண்ணை "யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்" என்கிறோம், அவ்வளவுதான். யாழின் பெயரை வைத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு!

வெனிஸில் பார்பரா ஸ்ட்ரோசி என்றொரு பாடகி இருந்தா. 1644 தொடக்கம் 1664 வரை தான் இசையமைத்த பாடல்களை எட்டுத் தொகுதிகளாக அச்சில் போட்டா. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, பிறகு எங்கட நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயர் வைத்த அதே காலம். ஒரு தொகுதி தொலைந்துபோயிற்று. மற்றவை இசைக்குறியோடு இருப்பதால் இன்றைக்கும் பாடுகிறார்கள். எங்கட உம்மம்மாமாருக்கு அச்சுமில்லை, இசைக்குறியுமில்லை.

"பொம்பிளைப் பிள்ளைக்குப் பாட்டு என்னத்துக்கு" என்று கீழே எழுத வருகிறவர்களோடு சண்டைக்கு நாங்கள் வரவில்லை. பெருநாளன்று ஆயிஷா நாயகி வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடினதும், அபூபக்கர் (ரலி) அதட்டினதும், அவர்களை விட்டுவிடச் சொல்லி நபி (ஸல்) தடுத்ததும் புகாரியில் இருக்கிறது. மதீனாவில் ஜமீலா என்ற பெண்ணிடம் மஅபத் போன்ற பேர்போன ஆண் பாடகர்களே பாட்டுப் படித்தார்கள். அக்கரையில் கீழக்கரை ஆசியா உம்மாவின் ஞானப் பாடல்கள் நூலாகவே வந்திருக்கின்றன.

பாடம் முடிந்து வெளிக்கிடும்போது பின் வாங்குப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்தாள். "ரீச்சர், எங்கட உம்மம்மாக்கும் தாலாட்டுத் தெரியும். ஆனா வெக்கப்படுவா."

வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு போனோம். முதலில் மாட்டேன் என்றா. பிறகு மருமகனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, தேத்தண்ணி குடித்து, பல்லில்லாத வாயைச் சீலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பாடினா. மூன்றாவது அடி மறந்துபோச்சு. மன்னாரில் இருக்கிற தங்கச்சிக்குக் கோல் எடுத்தா. அவ அந்தப் பக்கத்தில் பாட, மெட்டு அப்படியில்லை என்று இவ திருத்த, இரண்டு பேருக்கும் வாக்குவாதம். ஃபோனில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, வாக்குவாதமும் சேர்த்து.

எங்கட கொப்பியில் உள்ள பதினொன்றில் ஒன்றுகூட அதில் இல்லை. உங்கட வீட்டில் உம்மம்மா, அம்மம்மா, அப்பம்மா யாருக்காவது பழைய தாலாட்டுத் தெரிந்தால் சொல்லுங்கோ. கொப்பியையும் கொண்டு வீட்டுக்கே வருகிறோம்.