மஹாலில் மாட்ட வேண்டிய படங்கள்

மதுரை,
தை மாதம்.

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வாட்ஸ்அப்பில் நாலு படத்தைத் தட்டிவிட்டு வேலையை முடித்துவிடாதே, உட்கார்ந்து எழுது என்று சொல்லி அனுப்பினீர்கள். டவுன்ஹால் ரோட்டு லாட்ஜ் ஒன்றில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

லின்னேயஸ் ட்ரைப் மதுரையில் படம் எடுத்த இடங்களையெல்லாம் அவர் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன். 1858 ஜனவரி வாக்கில் அவர் இங்கே இருந்திருக்கிறார். அதனால்தான் நானும் தை மாதமாகப் பார்த்து வந்தேன். வெயில் அதே சாய்வில் விழும், தூணின் நிழல் அதே பக்கம் நீளும். படம் எடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் டெவன்போர்ட்காரர், 1822-ல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து மதராஸ் வந்தார். 1855-ல் மதராஸில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்த 68 படங்களை வைத்துப் பரிசு வாங்கினார். அதே ஆண்டு பர்மாவுக்கு அனுப்பினார்கள். 1856-ல் மதராஸ் மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரர் ஆனார். ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று ஒரே சுற்றில் எடுத்துத் தள்ளிய படங்கள் அடுத்த சில மாதங்களிலேயே தொகுதிகளாக வந்துவிட்டன. மதுரைக்கு மட்டும் நான்கு பாகம்.

நீங்கள் டார்க் ரூமில் காலம் கழித்தவர், வேலை நடந்த விதத்தைச் சொன்னால் ரசிப்பீர்கள். ஃபிலிம் இல்லாத காலம். மெல்லிய காகிதத்தை உருகிய மெழுகில் தோய்த்து எடுத்து, பிறகு ரசாயனம் ஏற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கினால் அதுவே நெகட்டிவ். முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம், எடுத்த கையோடு கழுவ வேண்டிய அவசரமும் இல்லை. மாட்டு வண்டிக் காலத்துப் பயணத்துக்குத் தோதான முறை. நெகட்டிவ் ஏறத்தாழ 12-க்கு 15 அங்குலம். என்லார்ஜர் கிடையாது, நெகட்டிவ் எந்த அளவோ படமும் அந்த அளவுதான், வெயிலில் வைத்து அச்சுப் போட வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். மனிதர் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகம் வரவழைத்திருக்கிறார், மரத்தின் இலையைத் திருத்தியிருக்கிறார். கண்ணாடியைச் சாய்த்து வைத்து, கூர்சீவிய பென்சிலால் கல்யாணப் பொண்ணு முகத்துக்கு நீங்கள் டச்சிங் செய்வீர்களே, அதே தொழில். போட்டோஷாப் வந்துதான் படம் கெட்டுப்போச்சு என்று புலம்புகிறவர்களிடம் இனி ட்ரைப் பேரைச் சொல்லலாம்.

முதலில் மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துக்குத்தான் போனேன். பக்கத் தாழ்வாரத்தை மேற்கிலிருந்து பார்த்து ட்ரைப் எடுத்த படம் ஒன்று உண்டு. தூண்கள் வரிசையாக உள்ளே ஓடுகின்றன. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. ஒரு ஆள் இல்லை. நாம் பார்த்த புதுமண்டபம் அதுவா? தையல் மெஷின் சத்தம், பாத்திரக்கடை, புத்தகக்கடை, வளையல், குங்குமம் என்று திருமலை நாயக்கர் சிலையையே தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது கடைக்காரர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஏறத்தாழ ட்ரைப் பார்த்த மண்டபம் திரும்பியிருக்கிறது. தூண்களுக்கு நல்லதுதான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அங்கே துணி தைத்தவர்களை நினைக்காமல் நிற்க முடியவில்லை.

அவர் படங்களில் ஆள் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் நிறைய நேரம் வேண்டும். அந்த நேரத்தில் நடந்து போகிறவர்கள் படத்தில் பதிய மாட்டார்கள். கட்டடத்தைப் பதிவு செய்யத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது, அவருக்கும் அதுவே போதுமாக இருந்தது. ஆனால் தூங்கா நகரத்தை ஆளில்லாமல் பார்ப்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு மாதிரிதான் இருக்கிறது.

விளக்குத்தூணையும் எடுத்திருக்கிறார். கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளிவீதி வரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்ட தூண் அது. இன்று ஜவுளிக்கடைக்கு வருகிற கூட்டத்தில் அதை நிமிர்ந்து பார்ப்பவர் யாருமில்லை. பக்கத்திலேயே திருமலை நாயக்கர் மஹால். 1636 வாக்கில் கட்டியது. இன்று மிஞ்சியிருப்பது பழைய அரண்மனையில் கால் பங்குதான் என்பார்கள். ட்ரைப் படத்தில் அது பாழடைந்து கிடக்கிறது. பின்னால் நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோதுதான், 1866-க்கும் 1872-க்கும் இடையில், பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றால் எது பழைய சுதை, எது பின்னால் பூசியது என்று ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம். எந்த வழிகாட்டிப் புத்தகமும் இதைச் சொல்லாது.

ஊருக்கு வெளியேயும் போனேன். மேலூர் சாலையில் ஒத்தக்கடை தாண்டியதும் யானைமலை. அதன் ஒரு முனையை மட்டும் எடுத்திருக்கிறார். வயல்வெளிக்கு மேலே மொட்டைப் பாறை, வேறொன்றும் இல்லை. மதுரைப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2010-ல் இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்க யோசனை வந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள். மேலூர்ப் பக்கம் எத்தனையோ குன்று கிரானைட்டாகிப் போய்விட்டது. யானைமலை மட்டும் அந்தப் படத்தில் இருந்தபடியே இருக்கிறது. வைகையையும் தரைப்பாலத்தோடு எடுத்திருக்கிறார். ஏ.வி. பாலம் வர இன்னும் முப்பது வருடம் இருந்தது.

கோயில் நகைகளைக்கூட வெளியே பரப்பி வைத்து எடுத்திருக்கிறார். இன்று மீனாட்சி கோயிலுக்குள் செல்போனே கொண்டுபோக முடியாது.

இத்தனை வேலை செய்தவருக்கு என்ன ஆயிற்று தெரியுமா? 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இது அரசாங்கத்துக்கு வீண் செலவு என்று அந்தப் பிரிவையே மூடச் சொல்லிவிட்டார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கிய மனிதர், அதற்குப் பிறகு கேமராவைத் தொட்டது அபூர்வம். 1902-ல் சொந்த ஊரில் இறந்தார். புகைப்பட வரலாற்றுக்காரர்கள் சிலரைத் தவிர அவரை நினைத்தவர் இல்லை.

நூறு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் அவருக்குப் பெரிய கண்காட்சி அமைந்தது. புகைப்பட வரலாற்றுக்காரர் ரோஜர் டெய்லரும், நாயக்கர் காலக் கட்டடக்கலையை ஆராய்ந்த கிறிஸ்பின் பிரான்ஃபுட்டும் சேர்ந்து அதற்கான நூலை எழுதினார்கள். 2014 செப்டம்பரில் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் திறந்தார்கள். 2015-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், பிறகு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். அறுபது படம் போல வைத்தார்கள். இந்த மாதிரிப் பழைய காகிதப் படத்தை நம் இஷ்டத்துக்கு மாட்டிவைக்க முடியாது. வெளிச்சம் பட்டால் வெளுக்கும். மங்கலான விளக்கில் சில மாதம் மட்டும் காட்டி, மறுபடி இருட்டுப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அதனால் மூலப் படங்கள் அங்கே பத்திரமாக இருப்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

குறை என்னவென்றால், கண்காட்சி போன மூன்று ஊர்ப் பட்டியலில் மதுரை இல்லை. புதுமண்டபத்துத் தூணை நியூயார்க்காரன் நின்று நிதானமாகப் பார்த்தான். கீழமாசி வீதியில் பிறந்து வளர்ந்த பையனுக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. மூலப் படம் வர வேண்டியதில்லை, அண்ணாச்சி. மெட்ரோபாலிடன் 2017-லிருந்து காப்புரிமை தீர்ந்த படங்களை யாரும் இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. வாஷிங்டன்காரர்களும் அப்படியே. செலவு அச்சுக்கும் ஃபிரேமுக்கும் மட்டும்தான். மஹால் மாநிலத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. எந்தத் தூணை எடுத்தாரோ அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே படத்தை மாட்டலாம். மதுரையில் மாட்டினால்தான் அதை நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அந்த வசதி லண்டனுக்கு இல்லை.

உங்களுக்கு மதுரை ஸ்டூடியோக்காரர்கள் பலரையும் பழக்கம். ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். தொல்லியல் துறைக்கு மனு எழுதும் வேலை என்னுடையது. அடுத்த தைக்குள் இது நடக்க வேண்டும்.

மதினிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் தம்பி