கிரீச்சரும் பால்கனி டம்ளரும்

எங்கள் முனிர்கா டிடிஏ ஃபிளாட்டில் ராத்திரி சாப்பாட்டு நேரம் என்றால் பட்டிமன்றம்தான். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஹாரி பாட்டர் ஏழு புத்தகமும் மூன்றாவது ரவுண்டு ஓடுகிறது. ரங்கமணி நடுவர், அதாவது டிவி பார்ப்பார்.

அன்றைக்கு நான் பீட்டர் பெட்டிக்ரூ கட்சி. மூன்றாம் புத்தகத்தில் ஹாரி அவனைக் கொல்லவிடாமல் தடுக்கிறான். ஏழாவதில் ஹாரி அதை ஞாபகப்படுத்தியதும், கழுத்தை நெரிக்கும் பெட்டிக்ரூவின் பிடி ஒரு நொடி தளர்கிறது. அந்தத் தயக்கத்துக்கே வோல்டமார்ட் கொடுத்த வெள்ளிக் கை அவனையே கொன்றுவிடுகிறது. "நம்ம கர்ணனோட செஞ்சோற்றுக் கடன் மாதிரி இல்லே?" என்றேன்.

"கர்ணன் எங்கே, இந்த எலி எங்கே! விடும்மா. சிரியஸைப் பாரு."

சிரியஸ் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம். 2000-இல் வந்த நாலாவது புத்தகத்தில், வேலைக்கார எல்ஃப் விங்கியை க்ரௌச் நடத்திய விதத்தை வைத்தே அவர் எப்படிப்பட்ட ஆள் என்று எடை போடுவார். 2003-இல் வந்த ஐந்தாவதில் தன் வீட்டு எல்ஃப் கிரீச்சரிடம் அவரே எரிந்து விழுவார். கிரீச்சர் எதிரிகளிடம் போய் உளவு சொல்ல, சிரியஸின் உயிரே போகிறது. பன்னிரண்டு வருஷம் அஸ்கபான் சிறையில் கிடந்தவர், அந்த வீட்டையே வெறுத்தவர், கிரீச்சரும் வாய்க்கு வந்தபடி திட்டும் என்று நானும் வக்காலத்து வாங்கிப் பார்த்தேன்.

"அதே கிரீச்சர், ஹாரி மரியாதையாப் பேசி ரெகுலஸோட போலி லாக்கெட்டைக் கொடுத்ததும் எப்படி மாறிடுது? அது சரி, நம்ம பால்கனியில தனியா இருக்கிற டம்ளர் யாரோடதும்மா?"

ரங்கமணி டிவியை மியூட் செய்தார். (வேண்டும் என்றால் காது நன்றாகவே கேட்கும்.)

வேலைக்கு வரும் அக்காவுடையது. வந்த புதிதில் மாமியார் ஒதுக்கி வைத்தது. மாமியார் ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆச்சு, டம்ளர் அங்கேயேதான் இருக்கிறது. நான்கு வருஷம் முன்னால் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் டெங்கு. சொந்தம் என்று இங்கே யாரும் இல்லை. தன் வீட்டையும் பார்த்துக்கொண்டு, இரண்டு வேளையும் வந்து கிச்சடி வைத்துக் கொடுத்தவர் அவர்தான். நாங்கள் சாப்பிட்டோம். அவர் கைச் சோறு இறங்கியது. உடம்பு தேறியதும் புடவை ஒன்று, ஐநூறு ரூபாய். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். பால்கனியில் எதுவும் மாறவில்லை.

மறுநாள் காலை டீயை எங்கள் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நேரே பால்கனிக்குப் போய்த் தேடினார். ராத்திரியே மகள் அதை எடுத்து ஒளித்து வைத்திருந்தாள்.

"தீதி, மேரா கிலாஸ் கஹான் கயா?"

எனக்கு ஹிந்தி நன்றாகவே வரும். அன்றைக்கு வரவில்லை.