ஒற்றைச் சொல்

1952இல் ‘பராசக்தி’ வந்ததிலிருந்து தமிழ் மனசில் கோர்ட் என்பது கூண்டில் நிற்பவன் நிமிஷக் கணக்கில் பேசும் இடம். (தீர்ப்புக்கு முன்பே அதற்குக் குற்றவாளிக் கூண்டு என்று பெயர் வைத்துவிட்டோம்.) நான் பார்த்த செஷன்ஸ் கோர்ட்டில் கூண்டில் நின்றவனைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

2019இல் ஒரு கொலை வழக்கில் நான் மகஜர் சாட்சி. சம்பவ இடத்தில் போலீஸார் ரத்தம் தோய்ந்த மண், தோயாத மண், ஒரு ஜோடி செருப்பு எடுத்தார்கள். பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். விசாரிக்கப்படும்வரை சாட்சி உள்ளே உட்காரக் கூடாது. வராந்தா பெஞ்சில் செத்தவன் வீட்டாரும் கூண்டில் நிற்பவன் வீட்டாரும், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு. அந்த ஊருக்குக் காலையில் ஒரே பஸ். அதில்தான் இரு தரப்பும் வந்தாக வேண்டும். டவாலி யார் பெயரைக் கூப்பிட்டாலும் இரண்டு பக்கமும் எழுந்தன. வாய்தா என்றதும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தன. நம் கதைகளில் வரும் பகை அங்கே இல்லை. களைப்புதான் இருந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். பழுப்புக் காகிதத்தைப் பிரித்துச் செருப்பைக் காட்டி, இதுதானா என்றார் அரசு வக்கீல். நான் பார்த்தது சீட்டில் இருந்த என் கையெழுத்தை. ஆமாம் என்றேன். ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்து கடைசி பெஞ்சில் இருந்த தாய் எழுந்து நின்றுவிட்டாள். சத்தம் இல்லை, அழுகை இல்லை. “உட்காரும்மா” என்றார் டவாலி. என் ‘ஆமாம்’ டைப் ஆயிற்று. அவள் எழுந்தது டைப் ஆகவில்லை, ஆகவும் முடியாது.

பிறகொரு வாய்தாவுக்கு நானாகவே போனேன். அன்று 313 கேள்வி. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அது 351ஆவது பிரிவு, காரியம் ஒன்றுதான். சாட்சியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, என்ன சொல்கிறாய் என்று நீதிபதி நேராக அவனையே கேட்பார். சத்தியம் வாங்குவதில்லை. பொய் சொன்னாலும் தண்டனை இல்லை. இவ்வளவு சலுகையோடு கிடைக்கும் பேச்சுக்கு வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தது ஒரே சொல்.

“பொய்.”

“பொய்.”

“பொய்.”

செருப்பு இறந்தவருடையது என்று சாட்சி சொல்கிறார், என்ன சொல்கிறாய்?

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது அவனோடதுதாங்க” என்றான்.

வக்கீல் தலை நிமிர்ந்தார். நீதிபதி அடுத்த கேள்வியைப் படித்தார்.

“பொய்” என்றான்.